ராணுவத்தில் இருந்தபடியே டிகிரி: நான்கு ஆண்டுகளில் முடிகிற கணக்கா?

அக்னிபத் திட்டத்தில் முதன்முதலாகச் சேர்ந்த இளைஞர்களின் நான்கு ஆண்டுப் பணிக்காலம் 2026 கடைசியிலிருந்து ஒவ்வோர் அணியாக முடிவுக்கு வருகிறது. திட்ட விதிப்படி, ஓர் அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மீதிப் பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கமோ நடுவோதான் இருக்கும்.

கையில் பணம் இருக்கும், உடம்பில் வலு இருக்கும், நான்கு வருட அனுபவமும் இருக்கும். ஆனால் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் வரும் கேள்வி வேறு: "டிகிரி இருக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான், பணியில் இருந்தபடியே பட்டம் வாங்குவதற்கான ஏற்பாட்டையும் மத்திய அரசு 2022 ஜூனிலேயே அறிவித்தது. அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது? நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு டிகிரியை முடிக்க முடியுமா? முடித்தால் அது எங்கெல்லாம் செல்லும்?

திட்டம் என்ன சொல்கிறது?

இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, அக்னிவீரர்களுக்காகவே மூன்று ஆண்டு இளநிலைப் பட்டப்படிப்பை வடிவமைத்தது. முப்படைகளும் இதற்காக இக்னோவுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

இதில் முக்கியமான அம்சம், மதிப்பெண் பங்கீடு. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்களில் 50 சதவீதம், படையில் பெறும் பயிற்சிக்காகவே கிடைத்துவிடும். மீதி 50 சதவீதத்துக்குத்தான் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். மொழிகள், பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சமூகவியல், கணிதம், வணிகவியல், சுற்றுலா, வேளாண்மை எனப் பல பாடங்களிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். சுற்றுச்சூழல் பாடமும் ஆங்கிலத் தொடர்புத்திறன் பாடமும் இதோடு சேரும்.

நடுவில் விட்டாலும் முழுவதும் வீணாகாது. முதல் ஆண்டை முடித்தால் சான்றிதழ், இரண்டு ஆண்டுகள் முடித்தால் டிப்ளமா, மூன்றையும் முடித்தால் டிகிரி. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்லும் 'பல இடங்களில் வெளியேறும் வசதி' என்பது இதுதான்.

டிகிரி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கான்ஸ்டபிள் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். அதே படையில் நேரடி சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்றால் டிகிரி கட்டாயம். தமிழ்நாடு காவல்துறையின் எஸ்.ஐ. தேர்வுக்கும் இதே நிலைதான். எஸ்எஸ்சி சிஜிஎல், வங்கி அதிகாரி தேர்வு, யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 என எதை எடுத்தாலும் வாசலிலேயே டிகிரி கேட்பார்கள்.

இதில் வயது வரம்பும் சேர்ந்துகொள்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் எஸ்.ஐ. தேர்வில் பொதுப் பிரிவினருக்கு வயது 20 முதல் 25 வரை. 21 வயதில் அக்னிவீரராகச் சேர்ந்தவர் வெளியே வரும்போது 25-ஐத் தொட்டிருப்பார். 'வெளியே வந்து மூணு வருஷம் நிதானமா படிச்சுக்கலாம்' என்ற திட்டம் பல தேர்வுகளுக்கு ஒத்து வராது.

நிரந்தர ஜவான்களுக்கு இருக்கும் ஒரு மாற்று வழியும் இவர்களுக்குக் கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்து, 15 ஆண்டுகள் பணியாற்றிய முன்னாள் ராணுவத்தினருக்குப் பட்டப்படிப்புக்கு இணையான சான்று தரப்படுகிறது. அதை வைத்து, பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் முன்னாள் ராணுவத்தினருக்கான இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. ஆனாலும் ஒரு பிடிமானம். நான்கே ஆண்டுகளில் வெளியேறும் அக்னிவீரருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. பணிக்காலத்தில் எழுதி முடித்த தேர்வுகள்தான் அவர் கையில் இருக்கும்.

நேரக் கணக்கு எப்படி?

புதிய விதிமுறைகளின்படி மூன்று ஆண்டு இளநிலைப் பட்டம் என்பது பொதுவாக 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 30 மணி நேர உழைப்பு. மொத்தம் 3,600 மணி நேரம். அதில் பாதி பயிற்சியிலேயே கழிந்துவிடுகிறது என்றால், மீதி 1,800 மணி நேரம். மூன்று ஆண்டுகளுக்கு 156 வாரங்கள். வகுத்துப் பார்த்தால் வாரத்துக்குச் சுமார் 11.5 மணி நேரம், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

கேட்கும்போது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அதிகாலை பி.டி., பகல் முழுக்க வேலை, இரவில் சென்ட்ரி டியூட்டி என்று ஓடும் நாளில் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தினமும் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுமுறைதான். அதிலும் ஊருக்குப் போய் வரவே சில நாட்கள் போய்விடும்.

அடுத்த சிக்கல் நாட்காட்டி. இக்னோவில் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஜனவரியில் படையில் சேரும் ஒருவர், முதல் ஆறேழு மாதங்களைப் பயிற்சி மையத்தில் கழிக்கிறார். அதன் பிறகு வரும் ஜனவரிச் சேர்க்கையில் பட்டப்படிப்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? பணியில் ஓராண்டு போய்விட்டது. மூன்றாண்டுப் படிப்பின் கடைசித் தேர்வு நான்காவது ஆண்டின் டிசம்பரில் வரும். அடுத்த மாதமே அவர் வெளியேற வேண்டும். ஒரு தேர்வைக்கூடத் தவறவிட இடமில்லை.

ஜூலைச் சேர்க்கையிலேயே சேர்ந்துவிட்டால் ஆறு மாத இடைவெளி கிடைக்கும். அதாவது, ஒரேயொரு தேர்வுப் பருவம் கூடுதலாக. தேர்வு நாளில் யூனிட் எல்லைப் பகுதிக்கு நகர்கிறது, கப்பல் கடலில் இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கூடுதல் பருவமும் போய்விடும். பணி முதலில், படிப்பு பிறகு என்பது ராணுவத்தில் மாறாத வரிசை. அந்த வரிசையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கே ஆண்டுகள் என்று வரம்பு போட்ட பிறகு, அந்த வரிசைக்கான விலையைப் படிப்புதான் கொடுக்கிறது.

பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்கு?

பொதுப்பணிப் பிரிவில் அக்னிவீரராகச் சேர பத்தாம் வகுப்பு போதும். இவர்களுக்குப் பட்டம் என்பது இரண்டாவது படிதான்; முதல் படி பிளஸ் டூ. இதற்காக தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகம், அதாவது என்ஐஓஎஸ், சிறப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. பணியில் இருந்தபடியே பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வாங்க வழி செய்கிறது இது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூட்டிப் பார்த்தால், பயிற்சிக்கு அரை ஆண்டுக்கு மேல், பிளஸ் டூ-வுக்கு ஓராண்டு என்றே வைத்துக்கொண்டாலும், பட்டத்துக்கு மூன்றாண்டு சேர்ந்தால் நான்கைத் தாண்டிவிடுகிறது. ஆகவே பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களில் பலருக்கு டிகிரியின் கடைசிப் பகுதி, சீருடையைக் கழற்றிய பிறகுதான் முடியும்.

இது தோல்வி அல்ல. இக்னோவின் இளநிலைப் படிப்புகளை வழக்கமாக மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்கலாம். பெற்ற கிரெடிட்கள் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்ற மின்னணுக் கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் ஆயுள். ஆனால் வெளியே வந்த பிறகு வேலை தேடும் பரபரப்பில் மிச்சமிருக்கும் நான்கைந்து தாள்களை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடும் அபாயம் அதிகம்.

ஆன்லைன் படிப்பு, ஆனால் போன் இருக்குமா?

நகரத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மெட்ரோவில் உட்கார்ந்து லெக்சர் வீடியோ பார்த்துவிடுவார். படையில் அது அவ்வளவு எளிதல்ல. உளவு பார்க்கும் முயற்சிகள் காரணமாக 2019 டிசம்பரில் கடற்படை, தன் தளங்களிலும் போர்க்கப்பல்களிலும் ஸ்மார்ட்போன்களுக்குத் தடை போட்டது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் உத்தரவிட்டது. விதிகள் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். மலைமுகட்டில் இருக்கும் முகாமில் தடை இல்லாவிட்டாலும் சிக்னல் இல்லை.

அதனால் 'ஆன்லைன்' என்பதை விட 'ஆஃப்லைனிலும் படிக்கலாம்' என்பதுதான் படைவீரருக்கு முக்கியம். இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லீவில் இருக்கும்போது தரவிறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். ஸ்வயம் பிரபா கல்வி சேனல்கள் டிடிஹெச் வழியாக வருகின்றன. பொழுதுபோக்கு அறையில் டிவி இருந்தால் போதும், இன்டர்நெட் தேவையில்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. 'தொலைநிலை', 'ஆன்லைன்' இரண்டும் யுஜிசி விதிகளில் தனித்தனி வகைகள். தொலைநிலைப் படிப்பில் பாடநூல்கள், அசைன்மென்ட், நேரில் தேர்வு. ஆன்லைன் படிப்பில் வகுப்புகள் முழுவதும் இணையத்தில். தேர்வு மட்டும் கண்காணிப்போடு நடக்கும். நெட் கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு முதல் வகை ஒத்து வரும். நகரக் கன்டோன்மென்ட்டில் இருப்பவருக்கு இரண்டாவதும் சரிப்படும்.

இந்த டிகிரி செல்லுமா?

செல்லும். யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம், அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால், தொலைநிலை மற்றும் ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்பது 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. 2022 செப்டம்பரில் யுஜிசி இதை மீண்டும் தெளிவுபடுத்தியது.

ஆனால் எல்லாப் படிப்பையும் இப்படிப் படிக்க முடியாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம், ஆர்க்கிடெக்சர் போன்றவற்றுக்கு இந்த வழியில் அனுமதியே இல்லை. 'ஆன்லைனில் பி.டெக்.' என்று யாராவது ஆசை காட்டினால், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். சீருடையில் இருப்பவர்களிடம் மாதச் சம்பளம் இருக்கிறது, விசாரிக்க நேரம் இல்லை. ஏமாற்றுபவர்களுக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு, குறிப்பிட்ட படிப்பின் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. 2024 முதல், சேரும் மாணவர் அந்தத் தளத்தில் 'டெப் ஐடி' என்ற அடையாள எண்ணை உருவாக்குவதும் கட்டாயம்.

தமிழ்நாட்டு இளைஞர்கள் கவனிக்க வேண்டியது

தமிழ்நாடு அரசு வேலைகளில் கல்வித் தகுதியின் வரிசை முக்கியம். பத்தாம் வகுப்பு, அதன் பின் பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, அதன் பின் பட்டம். இந்த வரிசையில் முடித்திருக்க வேண்டும் என்று டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளிலேயே இருக்கும். பிளஸ் டூ-வைத் தாண்டிக் குதித்து, நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய பலர் வேலைக்குப் போகும்போது இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

எனவே பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்தவர், அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் டிகிரிக்குப் போவதை விட, பிளஸ் டூ-வை முடித்துவிட்டுப் பட்டத்துக்குப் போவதுதான் பாதுகாப்பானது. ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பல்கலைக்கழகத் தேர்வு. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகளுக்கு எல்லை அந்தந்த மாநிலம்தான். ஜம்முவிலோ ஜோத்பூரிலோ போஸ்டிங் கிடைத்தவர் ஒவ்வொரு தேர்வுக்கும் தமிழ்நாடு வர வேண்டியிருக்கும். இக்னோவுக்கு நாடு முழுவதும் தேர்வு மையங்கள் உண்டு. ராணுவம், கடற்படைக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மண்டல மையங்களும் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் விண்ணப்பப் படிவத்தில் மையத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மாற்றலாகிக்கொண்டே இருப்பவருக்கு இந்த ஒரு வசதி பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

பாதி கிரெடிட் பயிற்சிக்கா? இது சலுகையா, நியாயமா?

'துப்பாக்கி பிடிச்சதுக்கு பி.ஏ. பட்டமா?' என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஆனால் ராணுவப் பயிற்சிக்கும் பட்டத்துக்கும் முடிச்சுப் போடுவது புதிதல்ல. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டு பயிற்சி பெறும் அதிகாரி மாணவர்கள், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டத்தோடுதான் வெளியே வருகிறார்கள். அமெரிக்காவில் படைப் பயிற்சிகளை மதிப்பிட்டு, கல்லூரி கிரெடிட்டாகப் பரிந்துரைக்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பணியில் இருப்பவரின் கல்லூரிக் கட்டணத்தில் செமஸ்டர் கிரெடிட் ஒன்றுக்கு 250 டாலர் வரை அங்கே ராணுவமே கொடுக்கிறது. அதிகாரிக்குக் கிடைப்பது சிப்பாய்க்கும் கிடைப்பதில் தவறில்லை. ரேடியோ இயக்குவது, வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, முதலுதவி, கிடங்குக் கணக்கு எல்லாமே கற்றுத் தேர்ந்த திறன்கள்தான்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். டிகிரி என்பது விண்ணப்பிக்கும் தகுதியைத் தரும். தேர்வில் பாஸ் செய்து தராது. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளில் கணக்கு, ரீசனிங், ஆங்கிலம் கேட்பார்கள். அவற்றைக் கல்லூரியில் மூன்றாண்டு முழுநேரமாகப் படித்தவரோடு போட்டி போட்டுத்தான் எழுத வேண்டும். பாதிப் பாடங்களை மட்டும் படித்தவர் அந்த இடைவெளியைத் தனியாக நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண்ணும் ஒரு விஷயம். 'பாஸானா போதும்' என்று 40 சதவீதத்தில் முடித்துவிட்டால், பிறகு எம்பிஏ ஆசை வரும்போது இடிக்கும். ஐஐஎம்-களுக்கான கேட் தேர்வு எழுதவே பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 45 சதவீதம் வேண்டும்.

வெளியேறும் முன் கையில் இருக்க வேண்டியவை

• படைப் பயிற்சிக்கான திறன் சான்று. அந்த 50 சதவீத கிரெடிட்டுக்கு இதுதான் ஆதாரம். யூனிட்டில் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடியும் வேலை, ஊருக்கு வந்த பிறகு கடிதப் போக்குவரத்தாக மாறிவிடும்.

• கிரெடிட் வங்கிக் கணக்கில் எல்லா மதிப்பெண்களும் ஏறியிருக்கிறதா என்ற சரிபார்ப்பு. பெயர், பிறந்த தேதி ஆதாரிலும் பணி ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

• பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த முகவரி, கைப்பேசி எண் மாற்றம். பணியிடத்து முகவரிக்குச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால் அலைச்சல் மிஞ்சும்.

• மிச்சம் உள்ள தாள்களின் பட்டியலும், அடுத்த தேர்வுக்கான விண்ணப்பத் தேதியும்.

அரசு செய்ய வேண்டியது என்ன?

நான்கு ஆண்டுகளில் அனுப்பிவிடுவோம் என்பது அரசு வைத்த விதி. அந்த நான்கு ஆண்டுகளுக்குள் டிகிரி முடியும் என்பது அரசு கொடுத்த நம்பிக்கை. இரண்டும் ஒரே நாட்காட்டியில் பொருந்த வேண்டும் என்றால், பட்டப் பதிவு பயிற்சிக் காலத்திலேயே தொடங்க வேண்டும். தேர்வு நாட்களுக்கான விடுப்பு, மேலதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல் எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். பணிச் சூழலால் தேர்வைத் தவறவிட்டவருக்கு ஆறு மாதம் காத்திராமல் சிறப்புத் தேர்வு நடத்தலாம்.

திட்டம் அறிவிக்கப்பட்டபோது, எத்தனை பேர் சேர்க்கப்படுவார்கள் என்ற எண்ணிக்கை முதலில் வந்தது: முதல் ஆண்டில் 46,000. முதல் அணிகள் வெளியே வந்த பிறகு கேட்க வேண்டிய எண்ணிக்கைகள் இரண்டு. பட்டப்படிப்பில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்? அதில் பட்டச் சான்றிதழோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? நாடாளுமன்றத்தில் எந்த எம்.பி.யும் கேட்கக்கூடிய எளிய கேள்விகள் இவை. இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் இந்தத் திட்டம் ஜெயித்திருக்கிறது என்று சொல்ல முடியும்.